ஸ்டெல்லா தின்ற வேலி

அந்த அடுக்ககத்தின் பெயர் பிருந்தாவன் பாஸ்ச்சர்ஸ். பாஸ்ச்சர்ஸ் என்றால் மேய்ச்சல் நிலங்கள். ஜோகுபாளையத்தில், அல்சூர் ஏரிக்குப் பொடிநடையாகப் போகும் தூரத்தில், முக்கால் ஏக்கரில் அறுபத்து நான்கு வீடுகள். அவற்றுக்கு அடியில் இரண்டு தளம் கார் நிறுத்தம். மேய்வதற்கு என்று அங்கே இருந்தது கிளப்ஹவுஸ் முன்னால் நாலு பாய் விரிக்கும் அளவுக்குப் புல்தரை. அதிலும் 'புல்லின் மேல் நடக்காதீர்' என்று மூன்று மொழிகளில் பலகை. விதிமுறைப் புத்தகத்தின்படி கால்நடைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. கிருகப்பிரவேசத்துக்கு வரும் பசு மட்டும் விதிவிலக்கு. அதுவும் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏற வேண்டும், நாற்பது நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

அப்படி ஏறி இறங்கும் பசு எப்போதும் ஒன்றேதான். பின்மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சந்தில் இருந்த சரசுவின் ஸ்டெல்லா. விவேக் நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திடம் கன்றாக வாங்கியது. பெயரை மாற்றினால் பால் குறைந்துவிடும் என்று சரசு அப்படியே விட்டுவிட்டாள். அறுபத்து நான்கு வீட்டு ஹாலிலும் லட்சுமியாக நின்று பூஜை வாங்கிக்கொண்டு, சந்துக்குத் திரும்பியதும் அது மறுபடி ஸ்டெல்லா ஆகிவிடும்.

3சி-யில் குடியிருந்த இளங்கோவனுக்கு ஐம்பத்தேழு வயது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் தோட்டத் துணைக்குழு அமைப்பாளர். குழுவில் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் சியாட்டிலில் இருந்தார். இன்னொருவருக்குத் தான் குழுவில் இருப்பது தெரியாது.

ஆனால் அந்தப் பதவியை இளங்கோவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் பிறந்ததே பின்மதிலுக்கு அந்தப் பக்கம், சரசு வீட்டுக்கு மூன்றாவது வீட்டில். அப்பா கமர்ஷியல் தெருத் தையல்கடை ஒன்றில் துணி வெட்டுகிற மாஸ்டர். அடுக்ககம் நிற்கிற இடத்தில் அப்போது லவினா மிஸ்ஸி என்ற ஆங்கிலோ இந்திய அம்மாளின் பங்களா இருந்தது. ஓடு வேய்ந்த கூரை, முன்னால் மரச்சட்டம் போட்ட முகப்பு, சந்தின் ஓரமாக ஆள் உயரத்துக்குச் செவ்வரளி வேலி. ஜூலை மாதத்துத் தூறலில் அந்த வேலி முழுக்கச் சிவந்து நிற்கும். பூவிலிருந்து தண்ணீர் சொட்டும். நாலு மணிக்கு ஏரிக்கரையிலிருந்து மாடுகள் திரும்பும்போது சந்து முழுக்க ஈரப் புல்லும் சாணியும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை இளங்கோவன் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் முகர்ந்ததில்லை. மாடுகளுக்குப் பின்னால் ஒன்பது வயதுச் சரசு வருவாள். கையில் குச்சி இருக்கும். அது எந்த மாட்டின் மேலும் பட்டு அவர் பார்த்ததில்லை. வேலி ஓரத்தில் யாராவது ஒண்ணுக்குப் போனால் மிஸ்ஸி தொப்பியோடு வெளியே வந்து, "போடா பேமானி, உங்கப்பன் வூட்டு செவுரா இது?" என்று கண்டோன்மென்ட் தமிழில் வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

எல்லாவற்றையும்விட அவர் மனதில் நின்றது சிவப்புத் துணி நாள். மாதத்துக்கு ஒருமுறை பங்களா கேட்டில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். அன்றைக்கு மாடுகள் ஏரிக்குப் போகாது, கட்டியே கிடக்கும். சரசுவுக்கு வேலை இருக்காது. காலையிலிருந்து இருட்டும் வரை ஐந்துகல், பாண்டி, பம்பரம். அந்தத் துணியைப் பார்த்துவிட்டால் இளங்கோவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பின்மதில் ஓரத்துக்கு என்ன செடி வைக்கலாம் என்று கேள்வி வந்தபோது, தோட்ட ஆலோசகர் ஒருவர் ஊர் முழுக்க இருக்கிற மஞ்சள் இலைச் செடியைச் சிபாரிசு செய்தார். இளங்கோவன் எழுந்து நாற்பது நிமிடம் பேசினார். மண்ணின் நினைவு, பாரம்பரியம், இந்த நிலத்துக்கு நாம் பட்ட கடன் என்று என்னென்னவோ சொன்னார். அன்றைக்குப் பொதுக்குழுவில் பிரியாணி ஏற்பாடு ஆகியிருந்தது. அது ஆறிக்கொண்டிருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எண்பது அடி நீளத்துக்குச் செவ்வரளி வந்தது. அது முதல்முறை பூத்தபோது சங்கத்தின் காலாண்டு இதழில் 'அரளி நினைவுகள்' என்று ஒரு கட்டுரையும் எழுதினார். சிவப்புத் துணி நாட்களில் மாடுகளுக்குக்கூட விடுமுறை விட்ட கருணை உள்ளம் என்று லவினா மிஸ்ஸியை அதில் புகழ்ந்திருந்தார். மாலை வேளைகளில் அவள் கூடையோடு வேலி ஓரமாகக் குனிந்து நடந்து பூப்பொறுக்கும் அழகை இரண்டு பத்திக்கு வர்ணித்திருந்தார். அறுபத்து நான்கு வீடுகளில் ஒன்பது பேர் வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் அவர் பேசாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் தோட்டக்காரர் நாகேஷ் புல்தரையை வெட்டுவார். வெட்டிய புல் முன்பெல்லாம் குப்பை வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சாக்கில் கட்டிப் பின்வாசல் வழியாகச் சரசு வீட்டுக்கு அனுப்பும்படி சொன்னவர் இளங்கோவன். எந்தக் கூட்டத்திலும் அது பேசப்படவில்லை; எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை. மூட்டை வரும், தொட்டியில் கொட்டுவார்கள், மாடு தின்னும். சரசு அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. "இளங்கோ அனுப்பறது" என்பதோடு சரி.

ஓசையில்லாமல் நடக்கிற நல்ல காரியத்தைக் கண்டால் சிலருக்குப் பொறுக்காது. சங்கத் தலைவர் ராஜேஷ்குமாருக்குப் பொறுக்கவில்லை. அவர் சேலத்துக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் ஏதோ ஒரு துணைத் தலைவர். அந்த நிறுவனத்தில் மொத்தம் எத்தனை துணைத் தலைவர்கள் என்பது அவருக்கே தெரியாது. எந்தக் காரியமும் பெயர், படம், பேனர் மூன்றும் இல்லாமல் நடந்தால் அது நடக்கவில்லை என்பது அவர் கொள்கை. புல்மூட்டை விஷயம் அவர் காதுக்குப் போனது. அடுத்த மாதமே 'ஜீரோ வேஸ்ட் கோசேவா' என்று ஒரு திட்டம் பிறந்தது. தழைகளைத் துண்டு துண்டாக நறுக்கித் தள்ளுகிற இயந்திரம் ஒன்றும் வாங்கப்பட்டது.

திட்டம் தொடங்கிய சனிக்கிழமை இளங்கோவன் ஊரில் இல்லை. அத்திபெலேயில் மைத்துனர் மகள் கல்யாணம். முந்தின நாளே போய்விட்டு, சனிக்கிழமை காலை முகூர்த்தம் முடிந்ததும் பட்டுச்சட்டையோடு பஸ் ஏறினார். சில்க்போர்டு பக்கம் வழக்கம்போலப் பஸ் நின்றது. நின்ற பஸ்ஸில் மனிதன் என்ன செய்வான்; போனை எடுத்தார். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஏழு படங்கள்.

முதல் படத்தில் ராஜேஷ்குமார் நறுக்கும் இயந்திரத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பொத்தானை அழுத்தினார். மூன்றாவதில் அவர் கையில் ஒரு கத்தை தழை. அதை இயந்திரத்தின் வாய்க்குள் கொடுத்துக்கொண்டிருந்தார். 'இனி வேலித் தழையும் வீணாகாது' என்று கீழே எழுதியிருந்தது. நான்காவது படத்தில் வாய் திறந்த சாக்கு மூட்டை. பொடிப்பொடியாக நறுக்கிய பச்சைக்கு நடுவில் அங்கங்கே சிவப்பு இதழ்கள் தெரிந்தன.

இளங்கோவனுக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும். இரண்டு பத்தி எழுதியவர் அல்லவா.

அரளி விஷம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தமிழ் பேசுகிற எவருக்கும் தெரியாததல்ல. செடியாக நிற்கும்வரை எந்த மாடும் அதைத் தொடாது, கசப்பு. பொடியாக நறுக்கி, புல்லோடு கலந்து, தெரிந்தவர் அனுப்பிய சாக்கில் போட்டுக் கொடுத்தால்?

சரசுவுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராஜேஷ்குமாருக்கு அடித்தார். 'நான் மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கலாமா?' என்று போன் தானாகப் பதில் அனுப்பியது. நாகேஷுக்கு அடித்தார்.

"மூட்டை எங்கய்யா?"

"ஆவாகலே கொட்டாய்த்து சார், அப்பவே குடுத்தாச்சு. சரசக்கா தவுடு வாங்கப் போயிருக்காங்க. அவங்க மருமக வாங்கிக்கிச்சு."

"அதுல அரளி போட்டீங்களா?"

நாகேஷ் அந்தப் பெயரைத் தன் மொழிக்கு மாற்றிப் பார்த்தார். "கணகிலே ஹூவ் சார், அதானே? வேணாம் சார்ன்னு நான் சொன்னேன். பிரசிடெண்ட் சார், ஆர்கானிக்தானேன்னாரு."

"ஓடு. மாடு வாயில இருக்கறதப் புடுங்கு. ஓடுய்யா."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளங்கோவன் இறங்கி, நிற்கிற வண்டிகளுக்கு நடுவில் பட்டுச்சட்டையோடு நடந்து, அந்தப் பக்கம் ஒரு ஆட்டோவைப் பிடித்தார். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேலே கேட்ட காசுக்கு இளங்கோவன் முதல்முறையாக விவாதிக்காமல் ஒப்புக்கொண்டார்.

சந்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. சரசு வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூன்று மாடுகள். ஸ்டெல்லாதான் அந்த வீட்டில் இப்போது கறக்கிற ஒரே மாடு. ரோஜாவுக்குப் பால் வற்றிவிட்டது, மூன்றாவது வெறும் கன்றுக்குட்டி. அந்த வீட்டுச் சோறு நாலு காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ரோஜா எதையும் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடும் ரகம், அதனால் தொடவில்லை. ஸ்டெல்லா நல்ல பிள்ளை, கொடுத்ததைத் தின்றிருந்தது. இப்போது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அசைபோடவில்லை.

சரசு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"இளங்கோ, காது ஐஸ் மாதிரி இருக்குடா."

மருமகள் வீணா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "எப்பவும் வர்ற மூட்டைதானே மாமா. நான் எப்படிப் பாப்பேன்?"

"நீ பாக்க வேண்டியதில்லம்மா. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டீங்களா?"

"கவர்மெண்ட் டாக்டர் எலக்சன் டூட்டியாம். விவேக் நகர் பாப்பா வருது."

விவேக் நகர் பாப்பா என்றது டாக்டர் ஆஷ்லியை. முப்பது வயது. நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிற கிளினிக் வைத்திருந்தாள். ஸ்டெல்லாவைக் கன்றாக விற்றவர் அவள் அப்பா என்பதால், மாட்டுக்கு ஒன்று என்றால் தன் வீட்டு விஷயமாக நினைத்து ஓடிவருவாள். அன்றும் இருபதே நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு மாட்டின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் குழாயை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். சந்து மொத்தமும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு. அறுபதாச்சும் இருக்கணும் ஆன்ட்டி. அதுவும் விட்டு விட்டு அடிக்குது. எவ்ளோ சாப்ட்டுது?"

"கால் மூட்டை இருக்காது," என்றாள் வீணா. "நாகேஷ் அண்ணன் ஓடியாந்து மிச்சத்தை இழுத்துட்டாரு. வாய்க்குள்ள கைய வுட்டும் எடுத்தாரு."

"அதுல பாதிக்கு மேல பில்லுதானே? சரி. அரளி ஹார்ட்ட புடிக்கும். ஊசி போடறேன். ஆனா வயித்துல இருக்கறது ஏறிக்கிட்டே இருக்கும். கரி வேணும், ஆக்டிவேட்டட் சார்க்கோல். அது விஷத்த உள்ளயே புடிச்சு வெச்சுக்கும். என்கிட்ட இருக்கறது நாய் மாத்திரை. இதுக்கு அரை கிலோ பவுடர் வேணும், அதுவும் இப்பவே."

"அடுப்புக்கரி இருக்கு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அது ஆகாது அங்கிள்."

சனிக்கிழமை பகல். மொத்த மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினால் போகவரவே ஒரு மணி நேரம். அப்போது இளங்கோவனுக்கு 4ஏ ஸ்னேஹாவின் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஸ்னேஹா வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கரி சோப்பு, கரி முகப்பூச்சு என்று செய்து விற்கிற பெண். தீபாவளிக்குக் கிளப்ஹவுஸில் கடை போட்டிருந்தபோது இளங்கோவன் அதன் முன்னால் நின்று, "கரியைப் பூசிக்கிட்டு யாராவது வெளுப்பாங்களாம்மா?" என்று நாலு பேர் சிரிக்கும்படி கேட்டிருந்தார். அன்றிலிருந்து அந்தப் பெண் அவரை லிஃப்டில் பார்த்தால் போனைப் பார்ப்பாள்.

நாலாவது மாடிக்குப் படியேறினார். கதவு திறந்தது.

"ஸ்னேஹா, உன் கரி எனக்கு வேணும்."

அவள் அவருடைய பட்டுச்சட்டையையும் மூச்சிரைப்பையும் பார்த்தாள். "முகத்துக்கா அங்கிள்?"

"மாட்டுக்கு. அரளி தின்னுடுச்சு. அது மாடு தின்னலாமா?"

அவள் முகம் மாறியது. உள்ளே ஓடி ஒரு பெரிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கொட்டாங்கச்சிக் கரி, ஆக்டிவேட்டட், சாப்பிடற தரம்தான். ரெண்டு கிலோ இருக்கு. வாங்க." செருப்புக்கூடப் போடாமல் அவருக்கு முன்னால் இறங்கினாள்.

சரசு ஸ்டெல்லாவின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தாள். ஆஷ்லி ரப்பர் குழாயை உள்ளே செலுத்தினாள். வீணா கொண்டுவந்த மண்ணெண்ணெய்ப் புனலைப் புறக்கணித்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை வெட்டிப் புனலாக்கினார் நாகேஷ். இளங்கோவன் கரைத்து ஊற்றினார். முதல் வாளியில் பாதி திரும்பி வந்து அவர் மேலேயே அடித்தது. மைத்துனர் எடுத்துக் கொடுத்த சந்தன நிறப் பட்டுச்சட்டை தாரில் முக்கியதுபோல் ஆயிற்று. இரண்டாவது வாளி உள்ளே போனது.

"இனிமே நடக்க வுடக்கூடாது," என்றாள் ஆஷ்லி. "சத்தம் கூடாது, பயம் காட்டக்கூடாது. ஹார்ட் எப்ப வேணா நிக்கலாம். பொழுது சாயறதுக்குள்ள ஏறிச்சுன்னா பொழைக்கும்."

அந்த நேரத்தில்தான் ராஜேஷ்குமார் வந்தார். மீட்டிங் முடிந்திருந்தது.

"என்ன சார் ஆச்சு? அது நேச்சுரல் மெட்டீரியல்தானே? எந்தக் கெமிக்கலும் நாம ஆட் பண்ணலையே."

சரசு தொட்டியில் ஒட்டியிருந்த ஒரு பிடியை எடுத்து நீட்டினாள். "நீங்க ஒரு வாய் போட்டுக்கங்க சார். நேச்சுரல்தானே."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "நான் அப்படிச் சொல்லலம்மா. நாங்க ஒரு கமிட்டி போட்டு ரூட் காஸ் என்னன்னு பாத்துடறோம்."

"வேரு மட்டும் இல்ல சார். இலை, பூ, பட்டை, பால் எல்லாமே விஷம்தான். கமிட்டிக்குச் சொல்லிடுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அத அங்க வெச்சது யாரு?"

ராஜேஷ்குமார் வானத்தைப் பார்த்து, "அது கார்டன் சப்கமிட்டி டிசிஷன்," என்றார்.

"நான்தான் சரசு," என்றார் இளங்கோவன்.

அவள் திரும்பிக்கொண்டாள். மாட்டின் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை ஆஷ்லி கலைத்தாள். ஸ்னேஹாவும் நாகேஷும் போனார்கள். வீணா சமையலுக்குப் போனாள். இரண்டு மணி வெயிலில் சந்து அடங்கியது. கொட்டகை வாசலில் ஆஷ்லி போனைப் பார்த்துக்கொண்டும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாடி பார்த்துக்கொண்டும் இருந்தாள். ஸ்டெல்லா படுத்துவிட்டது. அதன் முதுகில் சாய்ந்ததுபோலச் சரசு உட்கார்ந்திருந்தாள். எதிரில் கவிழ்த்த வாளியின் மேல் இளங்கோவன்.

மதிலுக்கு மேலே அரளி தெரிந்தது. வெட்டிவிட்டதில் தலைமுடி திருத்திய மாதிரி ஒரே மட்டமாக, பூவும் மொட்டுமாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அந்த வேலி எனக்குப் புடிக்கும்," என்றார். "மிஸ்ஸி வூட்டு வேலி மாதிரியே இருக்கணும்னு வெச்சேன். துணி கட்ற நாள் ஞாபகம் இருக்கா உனக்கு? பொழுதன்னைக்கும் அஞ்சுகல் ஆடுவோமே."

சரசு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எதுக்குத் துணி கட்றாங்கன்னு நீ என்னைக்காச்சும் கேட்டியா?"

"லீவுன்னு நெனச்சேன்."

"உனக்கு லீவு. எங்கம்மாவுக்கு அன்னைக்குப் பூரா வயித்துல நெருப்பு." அவள் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அன்னைக்குத்தான்டா வேலி வெட்டுவாங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்கம்மா மாடு ஒண்ணு வெட்டிப் போட்டதத் தின்னு இந்தச் சந்துலயே செத்துச்சாம். வாடுனா அரளி கசக்காது, இனிக்கும் மாட்டுக்கு. அன்னையிலேர்ந்து மிஸ்ஸி துணி கட்ட ஆரம்பிச்சுது. துணி தொங்குனா மாட்ட அவுக்கக்கூடாது. தோட்டக்கார மாலி இடுப்பு ஆழத்துக்குக் குழி வெட்டி எல்லாத்தையும் பொதைப்பான். அப்புறம் மிஸ்ஸியே கூடைய எடுத்துக்கிட்டு வேலி ஓரமா வந்து, ஒரு எல வுடாமப் பொறுக்கும். எங்கம்மா பின்னாலயே போயி பாக்கும். ரெண்டு பேரும் சரின்னா துணி எறங்கும்."

இளங்கோவனுக்குக் கட்டுரையில் எழுதிய இரண்டு பத்தியும் வரிவரியாக ஞாபகம் வந்தது. 'தரையில் உதிர்ந்த மலர்களைக்கூட மிதிபட விடாத மென்மை' என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அன்றைக்கு எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தது உட்பட எல்லாம் வந்தது. அவர் பார்த்தது நிஜம். தொப்பி நிஜம், கூடை நிஜம், சாயங்கால வெளிச்சம் நிஜம். நாற்பத்தெட்டு வருடமாக அவர் பத்திரமாக வைத்திருந்தது அவ்வளவும் நிஜம்தான். குழியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"பூப்பொறுக்கறாங்கன்னு நெனச்சேன்," என்றார்.

சரசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கிக்கொண்டு மாட்டைப் பார்த்தாள். "மிஸ்ஸிக்கா? அது பூ வெச்சு நீ பாத்திருக்கியா? அதுக்குத் தலையில முடியே கெடையாது, அதான் தொப்பி."

நாலரை மணிக்கு ஆஷ்லி நாடி பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை எண்ணி, "அம்பத்தி ரெண்டு," என்றாள். ஐந்தரைக்கு ஐம்பத்தாறு. இருட்டுவதற்குள் காதில் சூடு வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு இளங்கோவன் போனபோது, ஸ்டெல்லா கரி படிந்த வாயோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பாலைப் பத்து நாளைக்கு யாருக்கும் கொடுக்கக்கூடாது, கன்றுக்கும் ஊட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சரசு கறந்த பாலைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அது மண்ணில் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றே பதினோரு மணிக்குச் சங்கத்தின் அவசரக் கூட்டம். ராஜேஷ்குமார் பன்னிரண்டு படங்கள் காட்டினார். மாட்டின் படம் அதில் இல்லை. சந்துப் பக்கம் பார்த்தபடி பின்மதிலில் மூன்று மொழிகளில் எச்சரிக்கைப் பலகை வைப்பது என்பது அவர் யோசனை. அதை மாடுகள் எந்த மொழியில் படிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இளங்கோவன் எழுந்து, வேலியையே எடுத்துவிடலாம் என்றார்.

எதிர்ப்பு வந்தது. இப்போதுதான் பூக்கிறது என்றார் ஒருவர். மதில் அசிங்கமாகத் தெரியும், சந்து தெரியும் என்றார் இன்னொருவர். "இது இந்த மண்ணின் நினைவு, இதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்," என்று ஒரு அம்மாள் காலாண்டு இதழைப் பிரித்து அவர் எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினார். நல்ல உச்சரிப்பு. இவ்வளவு நன்றாக எழுதியிருக்க வேண்டாமே என்று இளங்கோவனுக்கு இருந்தது. கடைசியில் ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் சியாட்டில்காரரும் இருந்தார்.

குழு கூடுவதற்குள், அடுத்த நாள் காலையே இளங்கோவனும் நாகேஷும் கையுறை மாட்டிக்கொண்டு வேலியை வெட்டத் தொடங்கினார்கள். சந்திலுள்ள மாடுகளைக் கட்டிவைக்கும்படி முதல்நாளே வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். வெட்டுவது சுலபமாக முடிந்தது. புதைப்பதுதான் முடியவில்லை. எரித்தால் புகையும் விஷம். குப்பையில் போட்டால் குப்பையை மேய்கிற மாடு தின்னும். நாகேஷ் கடப்பாரையைப் போட்டார். இரண்டடியில் டங்கென்று கான்கிரீட். நாலு இடத்தில் போட்டுப் பார்த்தார். நாலு இடத்திலும் டங். மேய்ச்சல் நிலங்கள் முழுக்கத் தேடியும் ஒரு குழிக்கு மண் இல்லை. மிஸ்ஸியின் குழிகள் இருந்த இடம் எது என்று இளங்கோவன் உத்தேசமாகக் கணக்குப் போட்டார். நிலத்தடிக் கார் நிறுத்தத்தின் இரண்டாம் தளத்தில், ராஜேஷ்குமாரின் கார் நிற்கிற இடத்துக்கு நேராக வந்தது.

பதினான்கு சாக்கு. வாயைத் தைத்து, வாடகை வண்டியில் ஏற்றி, அத்திபெலேயில் மைத்துனருடைய காலி மனைக்குக் கொண்டுபோய், கூலியாட்களோடு நின்று இடுப்பு ஆழத்துக்கு வெட்டிப் புதைத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள், மாமாவுக்கு ரிடையர் ஆனதிலிருந்து ஒரு மாதிரிதான் என்று பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து, மதில் ஓரத்தைக் குனிந்தபடி இரண்டு முறை நடந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலே ஏதோ ஒரு பால்கனியிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நாகேஷ் புல்லை மட்டும் வெட்டினார். நறுக்கும் இயந்திரம் மாலை காய்ந்த நிலையில் ஜெனரேட்டர் அறையில் இருந்தது. சாக்கை இளங்கோவன் தானே தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். போகும்போது, வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு பயம் இருந்தது. சரி கொடு என்று வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

சரசு இரண்டையும் செய்யவில்லை. "வெயிட்டா இருக்கே, கீழ வெய்யி," என்றாள். கொட்டகையிலிருந்து பழைய தார்ப்பாயை எடுத்துவந்து வெயிலில் விரித்தாள். சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி புல்லை எடுத்து உதறி, விரலால் பிரித்துப் பார்த்து இந்தப் பக்கம் போட்டாள். அடுத்த பிடியை எடுத்தாள். ஸ்டெல்லா கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

"இருடி," என்றாள் அதனிடம்.

இளங்கோவன் நின்றுகொண்டிருந்தார். வேலி போன பிறகு கொட்டகையிலிருந்து பார்த்தால் அவருடைய பால்கனி நேராகத் தெரிந்தது. காயப்போட்ட பனியனும் லுங்கியும் உட்பட. ஒரு கால்வாசிப் புல் இந்தப் பக்கம் வந்திருந்தது.

"நின்னுக்கிட்டே இருந்தா வெளிச்சம் மறையுதுப்பா," என்றாள் சரசு. "ஒக்காரு."

அவர் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்து, அவள் செய்ததுபோலவே உதறி, பிரித்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்து ஒதுக்கினார். இன்னொரு பிடி. பதினைந்து நிமிடத்தில் அவர் பக்கமும் ஒரு சிறு குவியல் சேர்ந்தது. புல்லைத் தவிர அதில் எதுவும் இல்லை.

சரசு கையை நீட்டி, அவர் பார்த்து முடித்த குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.